வலத் தோளும் இடக் கண்ணும்

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் முதியோர் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் வெளியிடுகிறது. ஒவ்வொருவரும் இந்த நாட்டில் தாம் பார்த்த வேலையைப் பற்றி நான்கு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் பாலா கேட்டிருந்தார். என் பெயருக்கு நேரே அவராகவே "மரவேலை" என்று போட்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் கதிரை மேசை செய்தனீங்கள்தானே?"

"இல்லை. துவக்குக்குப் பிடங்கு செய்தனான்."

"பகிடியை விடுங்கோ."

"பகிடி இல்லை. துவக்கின்ர மரப் பாகம். தோளில வைக்கிறது, கையில பிடிக்கிறது. வேட்டைத் துவக்கு."

பாலா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "உதை எழுதலாமோ?"

"ஏன்? லைசென்ஸ் உள்ள கடை. வரி கட்டின சம்பளம்."

"அதுக்கில்லை... சரி, எழுதுங்கோ. ஆனா மரத்தைக் கூட்டி, துவக்கைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ."

முயன்று பார்த்தேன், சரிவரவில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தாள்கூடப் போகாமல் பொருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஒன்றை எழுதினால் மற்றதும் கூடவே வருகிறது.

பாலாவின் தயக்கம் எனக்குப் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் ஆள் துவக்கு, துப்பாக்கி என்று வாய் திறந்தால், கேட்பவர் இரண்டு விதங்களில் ஒரு விதமாகப் பார்ப்பார். இயக்கக்காரன், அல்லது தெருக் கும்பல்காரன். இரண்டுமே எனக்கு விருப்பமில்லாதவை. ஆகவே கலியாண வீடுகளில் நானும் மரவேலை என்றே சொல்லி வந்தேன்.

பிடங்கு என்ற சொல்லை ஊரிலேயே அறிவேன். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோது ஓர் ஆமிக்காரன் கையால் என் வலத் தோள்பட்டையில் அது ஒருமுறை விழுந்தது. விழுந்த பொருளைத் திரும்பிப் பார்க்கிற நிலைமை அப்போது இல்லை. பிறகு இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த துவக்குப் பட்டறையில் முதல் நாள், அதன் உரிமையாளர் மார்த்தா ஒரு பழைய பிடங்கைக் கையில் தந்து "எங்கே பிழை?" என்று கேட்டார். நான் முதலில் திருப்பிப் பார்த்தது அதன் அடித்தட்டைத்தான். உள்ளங்கையால் மூடிவிடலாம். என் தோளுக்கு நினைவிருந்த அளவைவிட மிகவும் சிறியது.

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞராகப் படித்தவன். இங்கே வந்து கோப்பை கழுவி, பிறகு சோபாவுக்குச் சட்டம் அடிக்கும் தொழிற்சாலையில் நின்றேன். அங்கே நான் ஒவ்வொரு சட்டத்தையும் அடிகோல் வைத்து அளப்பதைப் பார்த்துப் பொறுமை இழந்த மேற்பார்வையாளர், "உனக்கேற்ற பைத்தியம் ஒருத்தி இருக்கிறாள்" என்று ஒரு முகவரி தந்தார். மிசிசாகா எல்லையில், விமானங்கள் தலையைத் தொடுவது போல் இறங்கும் தெருவில் இருந்தது அந்தப் பட்டறை. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும். முதல் வருடம் உளி தீட்டினேன். அடுத்த வருடம் கழிவு மரத்தில் பழகினேன். அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

மார்த்தா ஹங்கேரியில் பிறந்து சிறுமியாக இங்கே வந்தவர். தகப்பனின் பட்டறையை நடத்தினார். தகப்பனின் தோல் ஏப்ரனையே முழங்காலளவுக்கு வெட்டிக் கட்டியிருப்பார். விரல் மூட்டுகள் வீங்கி, நான் சேர்ந்தபோதே அவரால் உளியை நெடுநேரம் பிடிக்க முடியாது. ஆனால் பார்வைக்கு ஒன்றும் தப்பாது. நான் முடித்துவிட்டேன் என்று சொன்னதும் எழுந்து போய் பட்டறை விளக்கை அணைப்பார். மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள விளிம்பில் ஒரு சின்ன ரோச் லைற்றைப் பிடித்து, மறுபுறமிருந்து பார்ப்பார். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் சுண்டுவிரலை வைப்பார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, கோப்பி போடப் போய்விடுவார். அவர் கோப்பியோடு திரும்பும்போது, அங்கே ஏன் வெளிச்சம் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும்.

பொருத்தும் வேலை கேட்பதற்கு எளிது. துவக்கின் குழாயும் அதன் பொறியும் உட்காரும் பள்ளத்தை மரத்தில் குறைவாகவே குடைய வேண்டும். இரும்பின் அடிப்பகுதியில் கரியை மெல்லப் பூசி, மரத்தில் இறக்கி, தட்டி, திரும்பத் தூக்க வேண்டும். எங்கெங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மரம் உயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி பூசி, மறுபடி இறக்க வேண்டும். பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுக்கும் வரைக்கும் இதே வேலைதான். கடையில் விற்ற கரிப்பசை தடிப்பாக இருந்தது. அது இல்லாத உயரத்தையும் காட்டியது. ஆகவே மகளுக்குக் கண்மை செய்ததைப் போலவே, விளக்கெண்ணெய்த் திரிக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் புகையைப் பிடித்து, ஒரு துளி எண்ணெயில் குழைத்துக் கொண்டுபோனேன். மார்த்தா அதை விரலில் தேய்த்துப் பார்த்து, கடைப்பசை டப்பாவைக் குப்பையில் போட்டார்.

இரண்டு இடங்களில்தான் கவனம். குழாயின் அடியில் கட்டைவிரல் நகமளவு ஓர் இரும்புக் கட்டி இருக்கும். சுடும்போது துவக்கின் முழு உதைப்பையும் அது பின்னாலுள்ள மரத்துக்குக் கொடுக்கிறது. அங்கே பின்பக்கம் முழுவதும் ஒட்ட வேண்டும். பொறியின் வால் முடியும் இடத்திலோ ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு இடைவெளி வேண்டும். அழகுக்காக அங்கேயும் இறுக்கினால் சில வெடிகளிலேயே கழுத்து பிளந்துவிடும். கழுத்து என்பது கை சுற்றிப் பிடிக்கும் மெல்லிய பகுதி. நான் எத்தனை முறை இறக்கினேன் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்வேன். "எண்ணாதே நாதன், பார்" என்பார் மார்த்தா. எண்ணாமல் எனக்குப் பார்க்கத் தெரியாது.

இனி லியோவின் கதைக்கு வருகிறேன்.

லியோ வடக்கே, ஏரிகளும் ஊசியிலைக் காடும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்திலிருந்து வந்தார். வேட்டைக்காரருக்கு வழிகாட்டி. என் வயதுதான் இருக்கும். முந்திய குளிர்காலத்தில் மரம் தறிக்கும்போது ஒரு சிராய் தெறித்து வலக் கண் போய்விட்டது. அதே கணத்தில் விழுந்ததில் இடப்பக்கக் காறை எலும்பு முறிந்து, தகடும் திருகாணியும் வைத்திருந்தார்கள். இடத் தோளில் துவக்கு உதைக்கவே கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

"கடவுள் கவனமில்லாமல் எடுத்துவிட்டார்" என்றார் லியோ. "கண்ணையும் தோளையும் ஒரே பக்கத்தில் எடுத்திருந்தால் உங்களுக்கு வேலை இல்லை."

அதாவது அவருக்கு மிஞ்சியது வலத் தோளும் இடக் கண்ணும். துவக்கு வலத் தோளில் இருக்க வேண்டும். குழாயோ இடக் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். குறிபார்க்கும் கருவியைப் பக்கவாட்டில் நீட்டிப் பூட்டிப் பார்த்திருக்கிறார். காட்டில் அது கிளைகளில் இடிபட்டது. சரியாகச் சுட்டாலும் ஒரே தூரத்துக்குத்தான் சரியாக இருந்தது.

அந்த ஆண்டு அவருக்கு மூஸ் சுடும் அனுமதி கிடைத்திருந்தது. மூஸ் என்பது குதிரையளவு மான். குலுக்கலில் அனுமதி கிடைப்பது அபூர்வம். சிலர் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். ஒன்று கிடைத்தால் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. ஆனால் லியோவுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் இனிமேலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பது. "சுட முடியாத வழிகாட்டிக்குப் பின்னால் யாரும் வர மாட்டார்கள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்த்தா என்னைக் கேட்காமலே சம்மதித்தார்.

வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஓகஸ்ட் வெயிலில் அவருக்கு அதைப் போட்டு அளந்தேன். கோட்டின் தடிப்பும் அளவில் சேர்த்திதானே. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு ஏற்ற வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமல், கண் குழாயின் நேர்கோட்டில் இருந்தால் பிடங்கு சரி. மார்த்தா எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார். லியோ வியர்த்து வழிய ஒரு மரச்சட்டத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார். "இந்தியக்காரர் எல்லோரும் இப்படியா?" என்று கேட்டார். "இலங்கை" என்றேன். "அங்கேயும் இவ்வளவு வெக்கையா?" "அங்கே கோட் போட மாட்டோம்."

பிடங்கின் பின்பகுதி குழாயின் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் வலப்பக்கம் விலக வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஆட்டுக்கொம்பு போலிருக்கும். நேரான மரத்தை அப்படி அறுத்தால் கழுத்தில் வரிகள் குறுக்கே ஓடி, ஒடிந்துவிடும். மரத்தின் வரியே அந்த வளைவில் ஓட வேண்டும். கிளை பிரிந்த இடத்தில் அறுத்த ஒரு வால்நட் பலகையை மார்த்தா எங்கிருந்தோ எடுப்பித்தார். வரி அழகாக வளைந்திருந்தது. ஆனால் தடிப்பு போதவில்லை, அரை அங்குலம் குறைந்தது.

அந்த அரை அங்குலத்தைச் சூட்டால் எடுப்பது என்று முடிவாயிற்று. பொருத்தி முடித்த பிடங்கின் கழுத்தில் துணியைச் சுற்றி, கொதிக்கும் ஆளிவிதை எண்ணெயைக் கரண்டியால் விட்டு விட்டு, மரம் இளகியதும் இரும்புச் சட்டத்தில் பூட்டித் திருகை மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். மார்த்தா காதை மரத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டார். "இன்னும்... இன்னும்... நில்." தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்தோம், கழற்றினால் சற்றுத் திரும்பும் என்பதால். சட்டத்திலேயே பல நாள் விட்டோம். கழற்றியபோது எதிர்பார்த்த அளவுக்குத் திரும்பி, நின்றது.

லியோ ஒரு நாள் முழுக்க வாகனம் ஓட்டி வந்து சேர்ந்தார். கண்ணை மூடினார், ஏற்றினார், திறந்தார். தோட்டாவைப் பூட்டும் போல்ற்றைக் கழற்றிய வெறும் துவக்கு. அவர் அசையாமல் நின்றதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. "நேரே இருக்கிறது" என்றார். இன்னும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு யன்னல் பக்கம் திரும்பி, மூக்கைச் சிந்தினார்.

மிச்சம் சில்லறை வேலைதான். கை வழுகாமலிருக்கப் பிடிக்குமிடத்தில் குறுக்குக் கோடுகள், திருகாணிகளை ஒரே திசைக்கு நிறுத்துவது, கடைசி எண்ணெய். அடுத்த நாள் முடித்துக் கையில் கொடுத்துவிடலாம். வேட்டைப் பருவம் தொடங்க அவருக்கு மூன்று நாள் இருந்தது. அதில் ஒன்று பயணத்துக்கு.

அடுத்த நாள் சரஸ்வதி பூசை.

"நாளைக்கு மட்டும் ஏலாது யோகம்" என்று வீட்டில் சொன்னேன். யோகம் என் மனைவி. "ஆள் வந்து நிக்கிறான்."

"ஒவ்வொரு வருசமும் வைக்கிறனாங்கள். உந்த உளியளாலதான் இந்த வீட்டுக்கு மோட்கேஜ் கட்டுறம். ஒரு நாள் அதுகளும் இருக்கட்டும்."

"மார்த்தாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"சரஸ்வதி பூசை எண்டு சொல்லுங்கோ. அவவும் பொம்பிளைதானே, விளங்கும்."

விளங்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் அந்த நாள் சனி ஞாயிறாக வந்தது, அல்லது அவசரமில்லாத வேலையாக இருந்தது. நான் உளிகளை வீட்டுக்குக் கொண்டுபோவதை மார்த்தா கவனித்ததில்லை. இந்த முறை வெறுங்கையோடு போய் அவர் முன் நின்றேன்.

"மரத்தைத் தொடக்கூடாதா, உளியைத் தொடக்கூடாதா?" என்று கேட்டார்.

"உளியை."

"நாள் முழுக்க அது என்ன செய்யும்?"

"பொட்டு வைத்து, பூ வைத்து, புத்தகங்களோடு அம்மனுக்கு முன்னால் இருக்கும்."

"சம்பளத்தோடா?"

அங்கே காத்திருந்த லியோ கதிரையிலிருந்து எழுந்தார். நேற்று நெகிழ்ந்த முகம் இல்லை. "எனக்கு இருப்பது மூன்று நாள்" என்றார். "உன் உளிக்கு அதில் ஒன்று வேண்டுமா?"

நியாயமான கேள்வி. நான் பெரிய பக்திமான் அல்ல. பயந்தவன். வைத்த உளியைப் பூசை நடுவில் தூக்கிக்கொண்டு வந்தால், கழுத்தில் கை வழுகும் என்ற எண்ணம் இரவே பிடித்துவிட்டது. அந்த எண்ணத்தோடு வேலை செய்தால் வழுகித்தான் இருக்கும். அதையே மார்த்தாவிடம் சொன்னேன். அவர் தன் மேசை லாச்சியைத் திறந்து, தகப்பனின் உளிகளைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். லாச்சியை மூடினார்.

"நாளைக் காலை" என்று லியோவிடம் சொன்னார். "இவனுடைய கை நடுங்கினால் உனக்குப் பிடங்கு இல்லை."

லியோ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். நான் பட்டறையைக் கூட்டினேன். அரத்தாளும் ஆயுதத்தில் சேர்த்தியா என்று யோகத்தைப் போனில் கேட்டேன். "உங்களுக்கு லீவு எண்டு ஒண்டு எடுக்கத் தெரியாதோ?" என்றாள். அன்றுதான் கட்டட உரிமையாளர் அந்தப் பருவத்தில் முதன்முதலாக ஹீற்றரைப் போட்டார். சுவரோரச் சூட்டுக் குழாய்கள் சீறின. கொக்கியில் தொங்கிய பிடங்கை நான் தொடவில்லை, யாருமே தொடவில்லை.

விசயதசமி காலை உளிகளை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். லியோ எனக்கு முன்னரே வாசலில் நின்றார். துவக்கை வாங்கி, கண்ணை மூடி, ஏற்றி, திறந்தார்.

"குழாயின் இடப்பக்கம் தெரிகிறது" என்றார்.

இன்னொருமுறை ஏற்றினார். "தெரிகிறது."

மார்த்தா நேர்ச்சட்டத்தை வைத்து அளந்தார். பிடங்கு கால் அங்குலம் பழைய பக்கம் திரும்பியிருந்தது. ஹீற்றரின் வறண்ட காற்றுப் பட்டு, எண்ணெயில் வளைத்த மரம் தன் நினைப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் முடித்துக் கொடுத்திருந்தால் அது வழியில், வண்டியின் ஹீற்றரில் நடந்திருக்கும்.

"நேற்றுத் தந்திருந்தால் இதை நான் எங்கே கண்டுபிடித்திருப்பேன்?" என்று லியோ கேட்டார். அவரே சொன்னார்: "படகில். மூஸுக்கு முன்னால்."

இதில் பூசைக்குப் பெருமை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. உளி ஓய்ந்ததால் மரத்துக்கு ஒரு நாள் கிடைத்தது, அவ்வளவுதான். மரத்துக்கு நாங்கள் முதலிலேயே அந்த நாளைக் கொடுத்திருக்க வேண்டும்.

மறுபடி வளைக்க நேரமில்லை. மறுநாள் விடியும்போது அவர் புறப்பட வேண்டும். கன்னம் படியும் மேட்டின் இடப்பக்கத்தைச் சுரண்டினால் தலை அந்த அளவுக்கு வலப்பக்கம் நகரும். கண் மறுபடி கோட்டுக்கு வரும். அதற்குச் சுரண்டுதகடுதான். சீட்டுக்கட்டுச் சீட்டளவு மெல்லிய உருக்குத் தகடு, விளிம்பில் முடியளவு கூர் மடித்திருக்கும். சில இழுப்பு இழுப்பேன். லியோ கண்ணை மூடி ஏற்றுவார். "தெரிகிறது." மறுபடி இழுப்பேன். "கொஞ்சம் தெரிகிறது." காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு இரண்டும் மேசையிலேயே காய்ந்தன. கடைசியில் அவர் அசையாமல் நின்றார். பின்னேரம் நகருக்கு வெளியே சுடுகளத்தில் மூன்று வெடி வைத்தார். மூன்றையும் ஓர் உள்ளங்கையால் மூடலாம்.

ஆனால் மரம் அசைந்து முடிந்துவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. காட்டின் குளிரில் அது இன்னும் கால் அங்குலம் போகலாம், போகாமலும் விடலாம். துவக்கை வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அரைகுறையாக ஒரு வேலையும் எங்கள் கதவைத் தாண்டியதில்லை. மார்த்தா என்னைப் பார்த்து, வேண்டாமென்று தலையை மெல்ல ஆட்டினார்.

நான் சுரண்டுதகட்டை லியோவின் கையில் கொடுத்தேன்.

"கன்னமேட்டுக்கு எண்ணெய் பூசவில்லை. தினமும் காலையில் போல்ற்றைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி ஏற்றிப் பாருங்கள். குழாயின் இடப்பக்கம் தெரிந்தால் ஆறு இழுப்பு. மறுபடி பாருங்கள். ஒரு தரத்துக்கு ஆறுக்கு மேல் வேண்டாம்."

"ஏழாவது இழுத்தால்?"

"எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது."

தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சிவப்பு என்ன?"

"குங்குமம். நேற்றைய பூசை."

"துடைக்கலாமா?"

"வேண்டாம். அது வேலைக்கு இடைஞ்சல் இல்லை."

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. வேட்டைப் பருவம் தொடங்கியது. வடக்கே பனி கொட்டுகிறது என்று வானொலியில் சொல்வார்கள். காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கி வீட்டில் மாட்டினேன். "ஆயிரம் மைலுக்கு அங்கால இருக்கிற மரத்துக்கு இங்க என்னத்தைப் பார்க்கிறியள்?" என்றாள் யோகம். கழுத்து பிளந்திருக்குமோ, ஏழாவது இழுப்பு இழுத்திருப்பாரோ என்பதே நினைப்பு. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் அல்லவா அந்த மரம் இருக்கிறது.

தீபாவளி கழிந்து, கந்தசட்டி விரதத்தின் மூன்றாம் நாள் லியோ பட்டறைக்கு வந்தார். தாளில் சுற்றிய ஒரு பெரிய பொதியை என் மேசையில் வைத்தார். அப்பால் துவக்கையும் வைத்தார். பிறகுதான் பேசினார்.

முதல் இரண்டு காலையும் குழாயின் பக்கம் தெரிந்ததாம். ஆறு, ஆறு என்று இழுத்தாராம். மூன்றாம் நாள் தெரியவில்லை. நான்காம் நாள் ஒரு நூல் அளவு, மூன்று இழுப்பு. அதன் பின் மரம் அசையவேயில்லை. தொடங்கிய முதல் நாட்கள் இப்படியே போய்விட்டதால் கூட்டாளிகள் அவரை விட்டுவிட்டு முன்னால் போயிருந்தார்கள். தனியே இருந்தார். நாணல் கரையில் மூஸ் வெளியே வந்தபோது பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே ஏற்றிவிட்டாராம். "திறந்தேன். அது அங்கே இருந்தது, குழாயும் அங்கே இருந்தது." ஒரு வெடி.

"அடுத்த வருடம் இரண்டு பேர் என்னோடு வர முன்பணம் கட்டிவிட்டார்கள்" என்றும் சொன்னார்.

நான் கன்னமேட்டைப் பார்த்தேன். வரிக்குக் குறுக்கே, ஒழுங்கில்லாமல், அவருடைய சுரண்டல் கோடுகள். எனக்குக் கை பரபரத்தது. "அரை மணித்தியாலம் தாருங்கள். சமப்படுத்தி எண்ணெய் பூசுகிறேன்."

லியோ துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எண்ணெய் பூசு. சமப்படுத்தாதே."

"கன்னம் அவனுடையது, நாதன்" என்றார் மார்த்தா.

அப்படியே எண்ணெய் பூசினேன். அந்தப் பட்டறையிலிருந்து என் கையால் போனவற்றில், இப்படிச் சுரண்டல் கோடுகளோடு போனது அது ஒன்றுதான். இன்றைக்கும் நினைத்தால் கொஞ்சம் உறுத்தும்.

தகட்டைத் திருப்பித் தந்தார். குளிரில் வெறும் உருக்கு விரலைக் கடித்ததால், பிடிக்கும் பக்கத்தில் மூஸின் தோலை நறுக்கிச் சுற்றித் தைத்திருந்தார். குங்குமம் ஒரு மூலையில் இன்னும் இருந்தது.

பொதியோடு வீட்டுக்குப் போனேன். யோகம் கதவடியிலேயே மறித்தாள்.

"உது என்ன?"

"லியோ தந்தது. இறைச்சி."

"கந்தசட்டியும் அதுவுமாய்! மாடோ?"

"இல்லை, மூஸ். மான் சாதி."

"குதிரை மாதிரி இருக்கும் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"குதிரையளவு. சாதி மான்."

விரதம் முடிந்து பாறணை வரைக்கும் அது கராஜ் பிறீசரில், இரண்டு பைக்குள், ஒரு சாக்குக்கு அடியில் கிடந்தது. பிறகு எங்கள் தூள் போட்டுக் கறி வைத்தாள். அவிய நெடுநேரம் எடுத்தது. "மரவேலைக்காரனுக்கு மரம் மாதிரியே இறைச்சியும் வந்திருக்கு" என்றாள். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அடுத்த ஆண்டு சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் உளிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். யோகம் தகட்டில் கையை வைத்தாள்.

"தோல் சுத்தினதை எப்பிடி அம்மனுக்கு முன்னால வைக்கிறது?"

அவள் சொன்னது சரி. கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிக்கப் போனேன். தையல் நெருக்கமாக, ஒரே அளவில் இருந்தது. லியோ அதையும் எண்ணித்தான் தைத்திருக்கிறார். நான் தயங்குவதைப் பார்த்து அவள் தகட்டை வாங்கி, மணந்து பார்த்தாள்.

"என்ன சாதி எண்டு சொன்னீங்கள்?"

"மான்."

"முனிவர்மார் மான்தோலிலதானே இருக்கிறவை" என்றாள். "வையுங்கோ."

அதன் பிறகு பட்டறையில் வளைத்த மரம் எதுவானாலும் ஹீற்றர் அருகே ஒரு முழு நாள் தொங்கும். யாரும் தொடக்கூடாது. மார்த்தா அதற்கு "நாதனின் விடுமுறை" என்று பெயர் வைத்தார். அவர் பட்டறையை மூடியபோது நானும் ஓய்வு பெற்றேன். அந்த இடத்தில் இப்போது குளியலறை ஓடு விற்கிறார்கள். இப்போதைய பிடங்குகளில் ஒரு திருகைத் திருப்பினால் கன்னமேடு அசைகிறது. இன்னொன்றைத் திருப்பினால் பின்பகுதி பக்கவாட்டில் நகர்கிறது. லியோவுக்கு அது அன்றைக்கே இருந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போயிருப்பார். முதல் நாட்களின் வேட்டையையும் தவறவிட்டிருக்க மாட்டார். அதை ஒத்துக்கொள்கிறேன். திருகு கழன்றால் என்ன செய்வார்கள் என்பதையும் யோசிக்கிறேன்.

விசயதசமி காலை, வைத்த ஆயுதத்தை எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். பிடங்கு இல்லாததால் ஒவ்வோர் ஆண்டும் சமையலறைப் பின்கதவின் ஓரத்தைச் சுரண்டுகிறேன். கோடையில் அது ஊதி இறுகும்.

"உந்தக் கதவு இப்ப இறுகேல்லை" என்றாள் யோகம், இந்த முறை. "இனிச் சுரண்டினா பனிக்காலத்துக் காத்து முழுக்க உள்ளுக்குத்தான்."

"ஆறு இழுப்புத்தான்."

"போன வருசமும் ஆறுதான்."

சமையலறை விளக்கை அணைத்தாள். செல்போன் ரோச்சோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். "வெளிச்சம் வருதோ, பாருங்கோ" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

கதவின் மேல் மூலையில் வந்தது. அந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்தேன். அவள் உள்ளே வந்து, விரலைப் பார்த்துவிட்டு, கோப்பி போடப் போனாள்.